பன்னெண்டு கிராம்

ஏன் நம்மள உள்ள விட மாட்டேங்கறாங்கன்னா கேக்கறீங்க? இப்படி நெழலுக்கு வாங்க, சொல்றேன். அந்தத் தூணுப் பக்கம் வேண்டாங்க, எவனோ ஒண்ணுக்கு அடிச்சு வெச்சிருக்கான். பேரு இஞ்சினியரிங் காலேஜு. ஆடிட்டோரியத்துக்கு ஏசி போட்டிருக்கானுங்க, பெத்தவங்க உக்கார ஒரு பெஞ்சு இல்ல. பைக் ஷெட்டுல நிக்க வெச்சிருக்கானுங்க. கருமம்.

போன வருஷம் வரைக்கும் விட்டாங்க. உள்ள மாடியில கேலரி இருக்குது, அங்க உக்காந்து ரேஸ் முழுக்கப் பாக்கலாம். இந்த வருஷந்தான் கதவுல போர்டு மாட்டியிருக்குது, பெற்றோருக்கு அனுமதி இல்லைன்னு. அந்த போர்டு யாரால வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? என்னாலதான். சிரிக்காதீங்க, மெய்யாலுமே என்னாலதான். பேரு ஒண்ணுதான் போடல.

நீங்க கரூருங்களா? பையன் எத்தனாவது? ஒம்பதாவதா. மொத வருஷமா? அதானே பாத்தேன், உங்க மூஞ்சியில இன்னும் சந்தோசம் இருக்குது.

நமக்கு நாமக்கல்லுங்க. செங்கோட்டுவேல்னு பேரு. சொந்த லாரி. இப்ப டிரைவர் போட்டு ஓட்டறேன், முன்னால நானே ஓட்டினவன்தான். இந்தூரு, குவாஹாத்தின்னு போகாத ஊரில்ல. ரோட்டுல ஓடற வண்டியப் பத்தி எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டியதில்லீங்க. அத மனசுல வெச்சுக்கிட்டு மேக்கொண்டு கேளுங்க.

என்ற பொண்ணு மிதுனா. ஒரே பொண்ணு. இப்ப உள்ளதான் இருக்கா, பத்தாவது. எட்டாவது முடியற வரைக்கும் அவளுக்குக் கணக்குன்னா காய்ச்சல். சும்மா சொல்லலீங்க, பரிச்சைக்கு மொத நாள் தொட்டுப் பாத்தா உடம்பு சுடும். டியூஷன் மாத்தி மாத்தி விட்டோம். கடைசியா ஒரு மாஸ்டர் என்னையக் கூப்பிட்டு, "புள்ள ட்ராயிங் ரொம்ப நல்லாப் போடுதுங்க"ன்னான். கணக்கு சொல்லிக் குடுக்க அனுப்பினா ட்ராயிங்கப் பத்திப் பேசறான். அன்னைக்கே நிறுத்திப்போட்டேன்.

ஒம்பதாவதுல ஜெசிந்தான்னு ஒரு பிசிக்ஸ் டீச்சர் வந்தாங்க. சின்ன வயசு. வந்ததும் வராததுமா கார் ரேஸுக்கு டீம் எடுக்கறேன்னு கிளம்பிட்டாங்க. மிதுனாவும் ரிஸ்வானான்னு இன்னொரு புள்ளையும் சேந்தாங்க. அந்தப் புள்ளையோட அப்பா சேலம் ரோட்டுல ஸ்டிக்கர் கடை வெச்சிருக்கறாரு. ரெண்டு பேரும் வந்து என்ற முன்னால நின்னு, "அப்பா, நாங்க ரேஸ் கார் செய்யப் போறோம்"னாளுங்க.

என்ன காருன்னா, பொம்மைக் காரு. உங்களுக்குத் தெரியாததில்ல. முழங்கைய விடச் சின்னது. பின்னால சோடா மெஷின்ல சொருகற மாதிரி ஒரு கேஸ் குப்பி. ஊசி வெச்சு ஒரு குத்து, புஸ்ஸுன்னு கேஸ் பின்னால போகும், காரு முன்னால பாயும். இருவது மீட்டர் தடம். தும்மி முடிக்கறதுக்குள்ள ரேஸ் முடிஞ்சிரும். இதுக்கு ஒரு வருஷம் படிப்பு! கணக்கு, பிசிக்ஸ், கம்ப்யூட்டரு எல்லாம் இதுலயே வந்துருதுன்னு டீச்சர் கூட்டம் போட்டுச் சொன்னாங்க. எனக்கு அங்கயே வெறுத்துப் போச்சு. ஆனா நான் ஒண்ணும் சொல்லல. சொல்ற ஆளில்ல நானு.

எடம் வேணும்னாங்க. ஸ்கூல்ல நீளமா எடமில்லையாம். நம்ம லாரி நிறுத்தற யார்டுல ஒரு ஓரத்தக் குடுத்தேன், தடத்த அங்கயே போட்டுக்கிட்டாளுங்க. அன்னைக்குப் புடிச்சதுங்க சனி. டயருக்குப் பக்கத்துல எல்லாம் கம்ப்யூட்டரு. கம்ப்யூட்டர்ல காரு வரையறாளுங்க, அதத் திருப்பறாளுங்க, கவுத்துப் பாக்கறாளுங்க. வரைஞ்சத மெஷின்ல குடுத்தா அது மரக்கட்டைய அப்படியே செதுக்கித் தருது. வந்த கட்டையக் கையில வாங்கி மூக்கு மொண்ணையா இருக்குதுங்கறாளுங்க, மறுபடி மொதல்ல இருந்து வரையறாளுங்க. எத்தன மூக்கு! என்ற ஊட்டுக்காரி ஒரு கூடை நெறைய எடுத்து வெச்சிருந்தா, வெறும் மூக்கா.

ஒரு நாள் போறேன், யார்டுல ஊதுபத்தி வாசம். என்ன சாமி கும்புடறாளுங்களான்னு பாத்தா, டேபிள் ஃபேனப் போட்டு, அதுக்கு முன்னால காரக் கட்டித் தொங்க விட்டு, ஊதுபத்திப் பொகைய மூக்குல விடறாளுங்க. பொகை எங்க சுழிக்குதுன்னு ஃபோன்ல படம் புடிக்கறாளுங்க.

"அப்பா, இங்க பாருங்க. பின்னால பொகை சுருண்டுக்குதுல்ல? அதுதான் காரப் பின்னால புடிச்சு இழுக்குது"ன்னா.

"பொகை இழுக்குமா?"ன்னேன்.

"பொகை இல்லப்பா, காத்து. நீங்க லாரி ஓட்டறப்ப பின்னால புழுதி சுருண்டு வரும்ல? அதே காத்துதான்."

அது வாஸ்தவந்தாங்க. மழைக்குத் தார்ப்பாய் போட்டா பின்னால அப்படியே உப்பிக்கிட்டு நிக்கும், வண்டி இழுக்கறதுக்குத் திணறும். அத நான் சொன்னேன். உடனே ஒரு சாக்பீஸ எடுத்து லாரியோட பின் கதவுலயே படம் போட்டு, அம்புக்குறி போட்டு, எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தா. வேகம் ரெண்டு மடங்கு ஆனா காத்து புடிக்கறது நாலு மடங்கு ஆகுமாம். டீசல் ஏன் குடிக்குதுன்னு அப்பத்தான் வெளங்குச்சு. அந்தக் கதவோட லாரி பெங்களூரு போயிட்டு வந்துச்சு. டிரைவர் சிரிக்கறான், "அண்ணா, டோல்கேட்டுல கணக்கு வாத்தியார் வண்டியான்னு கேக்கறாங்க"ன்னு. அழிக்கச் சொல்லணும்னு நெனைச்சேன். மறந்துட்டேன்.

தெனமும் இதே கதைதான். சாயங்காலம் யார்டுக்குப் போனா உடமாட்டா. "அப்பா, இத கேளுங்க." "அப்பா, இங்க பாருங்க." ஒரே கார ஒம்போது பத்து தடவ ஓட விட்டு, எல்லா நேரத்தையும் கூட்டி வகுக்கறா. எதுக்குடீன்னா, ஒரு தடவ ஓடினத நம்பக் கூடாதுங்கறா. சக்கரத்தக் கையில சுத்தி விட்டு எவ்வளவு நேரம் சுத்துதுன்னு பாக்கறா. கனமான சக்கரத்த உருட்டறதுக்கே பாதி கேஸ் செலவாகிருமாம், அதனால சக்கரத்துல ஓட்டை போட்டு இலேசாக்கறா. கம்ப்யூட்டர்ல ஒரு ப்ரோக்ராம் எழுதி வெச்சிருந்தாளுங்க. எடை இவ்வளவு, காத்து இவ்வளவுன்னு தட்டிவிட்டா, காரு எத்தன செகண்டுல போகும்னு ஓடறதுக்கு முன்னாலயே அது சொல்லும். ஓட விட்டுப் பாத்தா கிட்டத்தட்ட அதேதான் வரும். எனக்கு அதப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். ஓடற வண்டி ஓடித்தான் தெரியணும். உக்காந்த எடத்துல சொல்றதுக்கு அதென்ன கிளி ஜோசியமா?

கணக்குல மார்க்கா? வந்துச்சு, வந்துச்சு. காய்ச்சலும் நின்னு போச்சு. அது வேற விசயம்.

இப்ப எடைக்கு வாரேன். சண்டையே அதுலதான்.

காரு அம்பது கிராமுக்குக் கொறையக் கூடாது, அது ரூல். இவளுங்க ரெண்டு பேரும் செதுக்கோ செதுக்குன்னு செதுக்கி, அம்பத ஒட்டிக் கொண்டாந்து நிறுத்திட்டாளுங்க. கையில எடுத்தா காகிதமாட்டம் இருக்குது. எந்த வண்டியாவது காத்துல பறக்கற மாதிரி இருந்து நேரா ஓடுமா?

"அம்மிணி, வண்டின்னா எடை வேணும். தொப்பூர்க் கணவாயில இறங்கறப்ப காலி வண்டிய விட லோடு வண்டிதான் பிச்சுக்கிட்டுப் போகும். பிரேக் புடிச்சாலும் நிக்காது. எத்தன தடவ இறங்கியிருக்கறேன்!"

"அப்பா, அது இறக்கம். பூமி அடி வரைக்கும் இழுத்துக்கிட்டே வருது. இது சமதளம். கேஸ் ஒரு தடவ தள்ளி விடுது, அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒருத்தரும் தள்றதில்ல."

"எடை இல்லாட்டி தடத்துல நிக்காது."

"நிக்கறதுக்குத்தான் தடம் நீளத்துக்கும் கட்டின நூல்ல காரோட அடியக் கோத்திருக்குதுல்ல? இருங்க, காட்டறேன்"னு யார்டுல கிடந்த தள்ளுவண்டிய இழுத்துட்டு வந்துட்டா. காலியா வெச்சு, "ஒரே ஒரு தள்ளு தள்ளுங்க"ன்னா. தள்ளினேன், கேட்டு வரைக்கும் போச்சு. ரிஸ்வானாவ மேல உக்கார வெச்சு, "இப்ப அதே மாதிரி தள்ளுங்க"ன்னா. பாதியில நின்னுருச்சு. ரெண்டு பேரும் என்ற மூஞ்சியப் பாக்கறாளுங்க. தள்ளுவண்டியும் ரேஸ் காரும் ஒண்ணாங்க? நீங்களே சொல்லுங்க. நான் வந்துட்டேன்.

ரேஸ் அன்னைக்கு இதே காலேஜு. நானும் வந்தேன். அப்பத்தான் பாத்தேன், மத்த ஸ்கூலுங்க லட்சணத்த. ஒரு கோழிப்பண்ணைக்காரர், பையன் காருக்கு ஃப்ளெக்ஸே வெச்சுட்டாரு, அவரு படம் போட்டு. பையன் படம் மூலையில. காரு சும்மா தங்கமாட்டம் தகதகன்னு மின்னுது. என்ற பக்கத்துல உக்காந்து கூசாம சொல்றாரு, கோயமுத்தூருல ஒரு கம்பெனியில குடுத்துச் செஞ்சதுங்க, பையனுக்கு எதுக்குச் சிரமம்னு. ஜட்ஜு போயி அந்தப் பையனக் கேக்கறாரு, "தம்பி, மூக்க ஏன் இப்படி வெச்ச?"ன்னு. பையன் ஜட்ஜப் பாக்கல. நிமிந்து கேலரியில அப்பனப் பாக்கறான். அப்பன் கீழ குனிஞ்சு ஷூ லேஸக் கட்டறாரு.

தூ! எனக்கு அருவருப்பா இருந்துச்சுங்க. புள்ளைங்க போட்டியில பெத்தவன் கை வெக்கறதா? இதெல்லாம் ஒரு பொழப்பா? பக்கத்துல உக்காரவே கூசிருச்சு, எழுந்து கீழ வந்துட்டேன்.

கீழ வந்தா நம்ம புள்ளைங்க சாப்பிடக் கிளம்பிட்டு இருக்குதுங்க. டீச்சர் எலுமிச்சஞ்சாதம் கட்டிட்டு வந்திருந்தாங்க. மிதுனா காரு இருந்த பெட்டிய என்ற கையில குடுத்து, "சாப்பிட்டு வந்து எடை போடக் குடுக்கணும்பா. பாத்துக்கங்க, யார்கிட்டயும் குடுத்துராதீங்க"ன்னா.

பாத்துக்கிட்டேன். பெட்டியத் தொறந்துதான் பாத்தேன். அங்க அந்தத் தங்கக் காரு. இங்க இது, காகிதமாட்டம். புள்ளைங்க மானம் போகப் போகுதேன்னு பட்டுச்சு. ஒரு வருஷம் ராப்பகலா பாடுபட்டிருக்குதுங்க. பெத்தவனுக்கு இருக்காதுங்களா? நீங்களா இருந்தா சும்மா இருப்பீங்களா?

டயருக்கு பேலன்ஸ் பண்றப்ப ஒட்டுவாங்களே, ஈயக் கட்டி, அது நான் ஓட்டிட்டு வந்த கார் டேஷ்போர்டுல ஒரு பட்டை கிடந்துச்சு. அளவா வெட்டி, காரோட அடி வவுத்துல குழிவா இருந்த எடத்துல நச்சுன்னு உக்கார வெச்சேன். மேல ஒரு துண்டு கறுப்பு ஸ்டிக்கர். பாத்தா கண்டுபுடிக்க முடியாது. வேலை சுத்தம். கையில எடுத்துப் பாத்தேன், அப்பத்தான் வண்டி வண்டியாட்டம் இருந்துச்சு. மனசு நெறைஞ்சு போச்சு.

ஏன், அந்தப் பண்ணைக்காரர் செஞ்சதுதானேன்னு பாக்கறீங்களா? அது வேறங்க. அவரு காசு குடுத்து வெளியாள வெச்சுச் செஞ்சாரு. நான் பெத்த அப்பன், என்ற கையால செஞ்சேன்.

எடை போடற எடத்துல எத்தன கிராம்னு சொல்ல மாட்டாங்க. கொறைஞ்சா செகப்பு லைட்டு, சரியா இருந்தா பச்சை. பச்சை எரிஞ்சுது. புள்ளைங்க குதிச்சுதுங்க. நானும் மேல போயி உக்காந்தேன்.

அவ ப்ரோக்ராம் என்ன சொல்லியிருந்துச்சுன்னா, ஒண்ணே கால் செகண்டு. மொத ஓட்டம் விட்டாங்க. புஸ்ஸு. போர்டுல நேரம் வருது, ஒண்ணரையத் தொட்டுருச்சு. சுத்தி இருந்தவங்க ச்சுன்னாங்க. ரிஸ்வானா வாயப் பொத்திக்கிட்டா. என்ற பொண்ணு அழுவான்னு நெனைச்சேன். அழல. கம்ப்யூட்டரத் தொறந்துட்டா.

கேலரிக்கு நேர் கீழதான் அவளுங்க மேசை. பேசறது எல்லாம் காதுல விழுது.

"சக்கரம் ஒரசுதா?"ங்கறா ரிஸ்வானா.

"இல்ல. வீடியோவப் பாரு. ஒரசினா மொதல்ல வேகமாப் போயி கடைசியிலதான் மெதுவாகும். இது மொத மீட்டர்லயே மெதுவா இருக்குது."

"அப்ப கேஸ் கம்மியா?"

"பக்கத்துத் தடத்துக்கும் அதே பெட்டியில இருந்துதான் குப்பி எடுத்தாங்க. அவங்க காரு காலையில ட்ரையல்ல ஓடின மாதிரியேதான் ஓடுச்சு. கேஸ் இல்ல." வீடியோவ மறுபடி ஓட்டிப் பாத்தா. "ரிஸ்வா, எடைய ஏத்தித் தட்டு. ஒவ்வொரு கிராமா ஏத்து. எந்த எடைக்கு இந்த நேரம் வருதுன்னு பாப்போம்."

தட்டறாளுங்க, தட்டறாளுங்க. எனக்கு இங்க முதுகுல வேர்வை எறங்குது, ஏசியில.

"பன்னெண்டு"ன்னா ரிஸ்வானா. "பன்னெண்டு கிராம் கூட இருந்தா இந்த நேரம் வருது. ஆனா நாமதான் காலையில எடை போட்டமே?"

மிதுனா தலையத் தூக்கினா. நேரா என்னையப் பாத்தா. அத்தன பேரு உக்காந்திருக்கறாங்க கேலரியில, ஒருத்தரையும் தேடல, நேரா என்னைய. நான் அந்தப் பண்ணைக்காரரு பண்ணின மாதிரி கீழ குனியலீங்க. எனக்கென்ன பயம்? ஃபோன எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அதோட விட்டிருக்கலாம். அப்பாகிட்ட வந்து ரகசியமாக் கேட்டிருக்கலாம். அதுக்கப்புறம் ஜட்ஜுங்க முன்னால ஒவ்வொரு டீமும் நின்னு பேசணும். இவ முறை வருது. அதுல ஒரு ஜட்ஜம்மா கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டுக் கேக்கறாங்க, "நீங்க கணிச்சது ஒண்ணே கால். ஓடினது ஒண்ணரை. கணிப்பு தப்பா?"

"கணிப்பு சரிதாங்க மேடம். காருதான் மாறியிருக்குது. காலையில இருந்தத விடப் பன்னெண்டு கிராம் எடை கூட இருக்கணும்."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்ற?"

போர்டுல எழுதிக் காட்டினா. ஒவ்வொண்ணா எழுதி, இதில்ல, இதில்லன்னு அடிச்சு, கடைசியில எடையில கொண்டாந்து நிறுத்தினா. ஜட்ஜம்மா கார எடுத்துட்டு வரச் சொல்லித் தராசுல வெச்சாங்க. அறுவத்திரண்டுக்குக் கொஞ்சம் மேல. ஹாலே எந்திரிச்சுக் கை தட்டுது. எதுக்குத் தட்டறானுங்க? தோத்த காருக்கு!

"இத யார் வெச்சதுன்னு தெரியுமா?"ன்னு கேட்டாங்க.

தெரியாதுன்னு சொன்னா என்னங்க? வாய் கழண்டா விழுந்துரும்? சொல்லிட்டா.

"எங்க அப்பாவா இருக்கும் மேடம். கெடுக்கணும்னு வெச்சிருக்க மாட்டாரு. அவரு ரொம்ப வருஷம் மலைப் பாதையில லாரி ஓட்டினவரு. இறக்கத்துல அவரு சொல்றது சரி. இது சமதளம்னு நான் அவருக்குப் புரியற மாதிரி சொல்லல."

ஹால்ல சிரிப்பு. பண்ணைக்காரர் இருக்காரே, அவரு சிரிச்சாருங்க! அவரு! பெத்து, வளத்து, யார்டக் குடுத்து, கடைசியில ஊரு சிரிக்க மைக்குல. அதுவும் எனக்குப் பரிஞ்சு பேசறாளாம். புரியற மாதிரி சொல்லலையாம் அவ. தள்ளுவண்டியில ரிஸ்வானாவ உக்கார வெச்சுத் தள்ளச் சொன்னாளே, அதுக்கு மேல ஒருத்தன் என்னத்தப் புரிஞ்சுக்கணும்?

வெளியாள் கை வெச்சதால காரு ரேஸ்ல இருந்து நீக்கம்னுட்டாங்க. சரி, ரூலு. அதோட முடிக்கறாங்களா? அந்த ஈயத்த எடுத்துட்டு, சும்மா ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாம்னாங்க அந்த ஜட்ஜம்மா. கணக்குல சேராதாம், ஆசைக்காம். ஓட்டினாங்க. ஒண்ணே கால். அன்னைக்கு ஓடின அத்தன காருலயும் அதுதான் வேகம். தங்கக் காரு பின்னால எங்கயோ.

நெனைச்சுப் பாருங்க, அந்த ஓட்டம் தேவையா? நான் கை வெக்காம இருந்திருந்தா ஜெயிச்சிருக்கும்னு ஊரக் கூட்டி வெச்சுக் காட்டணுமா? மனுசனுக்கு மரியாதை வேண்டாம்? அப்புறம் கணிப்புக்குன்னு ஒரு பரிசக் குடுத்தாங்க ரெண்டு பேருக்கும். ரேஸ்ல நீக்கின காருக்குப் பரிசு. இந்தக் கூத்த வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா?

திரும்பறப்ப டீச்சர் வேன்லயே போயிட்டா. நான் தனியா ஓட்டிட்டுப் போனேன். ஊட்டுக்குப் போனா கத்துவான்னு பாத்தேன், கத்தல. சாப்பிட்டா. கை கழுவிட்டு வந்து, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லப்பா"ன்னா. அவ்வளவுதான்.

"பெத்தவன் எதுக்குடி கேக்கணும்?"னேன்.

"சரிப்பா"ன்னுட்டுப் போயிட்டா. இந்த 'சரிப்பா' இருக்குதுங்களே, அன்னைக்கு ஆரம்பிச்சது, இன்னும் அதேதான். டீ வேணுமா? சரிப்பா. ஸ்கூலுக்கு வண்டியில விடட்டுமா? சரிப்பா. ஊட்டுக்காரி சொல்றா, "மன்னிப்புக் கேட்டா என்ன கொறைஞ்சா போயிருவீங்க"ன்னு. எதுக்குங்க கேக்கணும்? நல்லது நெனைச்சதுக்கா? காரு வேகமாப் போகணும்னுதானே வெச்சேன்? மெதுவாப் போகணும்னா வெச்சேன்? சொன்னா ஒருத்திக்கும் வெளங்கறதில்ல.

யார்டுக்கு வாரதில்ல இப்ப. ஸ்கூல் வராண்டாவுலயே ஓட்டிப் பாத்துக்கறாளுங்களாம், எடம் பத்தலைன்னாலும். தடத்தப் பிரிச்சு எடுத்துட்டுப் போனாளுங்களா? அதுவும் இல்ல. அப்படியே கிடக்குது, இருவது மீட்டரும். லாரி திருப்பறதுக்கு எவ்வளவு தொந்தரவு தெரியுங்களா? டிரைவர் அதுமேல ஒரு டயரு ஏத்திட்டான்னு அவனக் கண்டபடி பேசிட்டேன், ரெண்டு நாள் அவன் வேலைக்கே வரல. புழுதி வேற ஏறிக்குது, தெனமும் துடைக்க வேண்டியிருக்குது. எடுத்துட்டுப் போங்கடின்னு சொல்லணும். சொல்றதுக்குத்தான் நேரம் வரல.

இன்னைக்கு வர்ற வழியில கார்ல நானாத்தான் பேச்சுக் குடுத்தேன். "இந்த வருஷக் காரு எப்படி அம்மிணி? மூக்கு மாத்தினீங்களா?"

"நல்லா இருக்குப்பா"ன்னா. ஜன்னலப் பாத்துக்கிட்டா. பெட்டி ரிஸ்வானா மடியில. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குது அந்தப் புள்ள, கண்ணாடியில தெரியுது. பவானி தாண்டறப்ப ஒரு மேடு, வண்டி தூக்கிப் போட்டுச்சு. எனக்கு பயந்துதான் புடிச்சிருக்குதுன்னு நெனைக்கல நானு. ரோடு மோசம், அதான்.

அட, சத்தம் கேக்குதே. ஆரம்பிச்சுட்டாங்க போல. உள்ள என்ன நடக்குதுன்னு இந்தக் கதவுக்கு வெளிய நின்னு என்னத்தத் தெரியும்? கேவலங்க. திருடனாட்டம் நிக்க வெச்சுட்டாளுங்க.

அதென்னங்க உங்க கையில, துணியச் சுத்தி? ஸ்பேர் காரா? பையன் குடுத்துட்டுப் போனானா? குடுங்க, பாக்கலாம். அட, ஒண்ணும் பண்ண மாட்டேங்க. எதுக்கு இப்படி மாரோட அணைச்சுக்கறீங்க? சரி, நீங்களே வெச்சுக்கிட்டுக் காட்டுங்க. தள்ளி நின்னே பாக்கறேன். இந்தா, கையப் பின்னால கட்டிக்கிட்டேன். போதுங்களா?

ம். நல்லா இருக்குது. பச்சைக் கலரு நல்லா எடுப்பா இருக்குது.

மூக்குல இருக்கற இந்த ரெக்கைய ஏனுங்க இப்படி மேல தூக்கி வெச்சிருக்கான்? நம்ம புள்ளைங்க போன வருஷம் தாழ்த்தி வெச்சிருந்தாளுங்க. இந்த வருஷம் என்ன பண்ணியிருக்காளுங்களோ, தெரியல. ஏதாவது காரணம் இருக்கும், காரணமில்லாம வெக்க மாட்டாங்க. உங்க பையன் உங்ககிட்டச் சொன்னானுங்களா? சொன்னானா! எப்ப, நேத்தா? சாப்பிடறப்பவா?

என்னன்னு சொன்னான்? பரவால்லீங்க, உங்களுக்குப் பாதி வெளங்கலைன்னாலும் பரவால்ல, அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க. நேரம் கிடக்குது. சொல்லுங்க, கேக்கறேன்.